சரக்கு வண்டியின் பின்பட்டையும் அச்சும்: அங்கத்தினர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் இடங்களிலெல்லாம் அண்மைக் காலமாக ஒரு கேள்வி என்னிடம் தவறாமல் கேட்கப்படுகிறது. "ஐயா, சங்கத்து வண்டிக்குப் பின்னால் இரண்டு பட்டை கூட்டிப் போட்டால் இன்னும் அரை டன் ஏற்றலாம் என்கிறார்கள். அந்தச் செலவை எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா?" என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள். சங்கத்துக்கு நாலு காசு மிச்சப்பட வேண்டும் என்ற ஆவலிலேயே கேட்கிறார்கள். ஆயினும் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவதற்குரிய விஷயம் அன்று இது. ஆதலால் இத்திங்கள் அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன். நான் மோட்டார்த் தொழில் கற்றவன் அல்லன். கல்லூரியில் பௌதிகம் பயின்றவன். உத்தியோகத்தில் வவுச்சர்களைப் படிப்பவன். இவ்விரண்டும் சேர்ந்தபோது இவ்விஷயத்தில் சில உண்மைகள் எனக்குப் புலப்பட்டன.

முதலில் வவுச்சர்கள் கூறிய கதையைச் சொல்கிறேன். நமது கடலோரப் பகுதியில் பயிரிடுவோர் சங்கம் ஒன்று சிறு சரக்கு வண்டி ஒன்றை வைத்திருக்கிறது. அருகிலுள்ள நெசவாளர் சங்கமும் அதையே வாடகைக்கு அமர்த்தி நூல் ஏற்றிவருகிறது. சங்கத்தின் பெயரும், வேலை செய்த பட்டறையின் பெயரும் நமக்கு வேண்டியதில்லை. அவ்வாண்டுச் செலவுப் புத்தகத்தில் ஜனவரி மாதம் 'பின்பட்டை கூட்டியது, பக்கத்துக்கு இரண்டு' என்று ஒரு தொகை கண்டேன். தர்ப்பூசணிப் பருவம் தொடங்குமுன் செய்த ஏற்பாடு அது. மார்ச்சில் பின் டயர் இரண்டு. ஏப்ரலில் வலப்பக்கச் சக்கர பேரிங். அதே மாதத்தில் முன் பிரேக் பேடு. மே மாதத்தில் மறுபடியும் முன் பிரேக் பேடு. பத்து நாள் கழித்துப் பின் ஆக்ஸில் ஷாஃப்ட். ஒவ்வொரு வவுச்சரும் தனித்தனியே ஒழுங்காக இருந்தது. கையொப்பம் உண்டு, தீர்மானம் உண்டு. சேர்த்துப் பார்த்தபோதுதான், பட்டை கூட்டியதற்கான செலவைப்போல் நான்கு மடங்குக்கு மேல் அதன் பின்விளைவுகளுக்குச் செலவாகியிருப்பது தெரியவந்தது. இனிப் பெரிய வண்டியின் பழைய அச்சு ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று நிர்வாகக் குழு யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

முன் பிரேக் பேடு இருமுறை தேய்ந்ததற்கும் பின்பட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

பட்டை என்ன வேலை செய்கிறது

நம்மவர்களுக்குப் பட்டை புதியதன்று. வில்வண்டி ஏறியவர்கள் எல்லாரும் அதை அறிவார்கள். கட்டை வண்டியில் இருசின்மீது பாரம் நேரே உட்காருகிறது; வில்வண்டியில் இடையே எஃகுப் பட்டைகள் வளைந்துகொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. மோட்டார் வண்டியின் கமான் பட்டையும் அதுவே. கண் வைத்த மெயின் பட்டை ஒன்று மேலே. அதன்கீழ் படிப்படியாக நீளம் குறையும் பட்டைகள். நடுவே சென்டர் போல்ட். அச்சோடு பிணைக்க யூ போல்ட்டுகள். 2005 மே மாதம் டாட்டா நிறுவனம் வெளியிட்ட, நம் மக்கள் 'குட்டியானை' என்று செல்லமாக அழைக்கும் ஏஸ் வண்டியானாலும், 2011-இல் வந்த அசோக் லேலண்டின் தோஸ்த் ஆனாலும், பொலீரோ பிக்கப் ஆனாலும் பின்பக்கம் இந்த ஏற்பாடுதான்.

பட்டையின் விறைப்பு மூன்று அளவுகளைப் பொறுத்தது. பட்டைகளின் எண்ணிக்கை கூடினால் அதே விகிதத்தில் விறைப்புக் கூடும். தடிப்புக் கூடினால் அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். நீளம் கூடினால் மும்மடிப் பெருக்கத்தில் குறையும். இதில் தடிப்பைப் பற்றிய விதியைத்தான் பலர் அறிவதில்லை. 8 மில்லிமீட்டர்ப் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர்ப் பட்டை வைத்தால் விறைப்புக் கால்பங்கு கூடும் என்று நினைப்போம். பத்தின் மும்மடி 1,000. எட்டின் மும்மடி 512. ஆகவே ஒரு தடித்த பட்டை ஏறத்தாழ இரண்டு மெல்லிய பட்டைகளுக்குச் சமானம். மேற்சொன்ன சங்க வண்டியில் பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர்ப் பட்டை ஏழு இருந்தன. பட்டறையில் கூட்டியவை 10 மில்லிமீட்டர். ஏழுடன் இரண்டு சேர்ந்து ஒன்பதாயிற்று என்று சங்கத்தார் எண்ணினார்கள். கணக்குப்படி ஏறத்தாழப் பதினொன்றாகிவிட்டது. விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல்.

தடித்த பட்டையையும் மெல்லிய பட்டையையும் ஒரே கட்டில் சேர்ப்பதில் இன்னொரு தீமையும் உண்டு. எல்லாப் பட்டைகளும் ஒரே அளவு வளையும்போது, தடித்த பட்டையின் மேற்பரப்பில் இழுவிசை அதன் தடிப்புக்கேற்ப அதிகமாகிறது. 8-க்கு 10 என்றால் நூற்றுக்கு 25 பங்கு அதிகம். பலசாலி என்று நாம் சேர்த்த பட்டையே முதலில் வெடிப்பதற்கு இதுவே காரணம். இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் நடுவே தடித்து நுனியில் மெலியும் பட்டைகள் இரண்டு மூன்றே இருக்கும்; அவை நுனியிலும் நடுவிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடுமாறு அமைந்தவை. அந்தக் கட்டில் பழைய மாதிரிப் பட்டையைச் செருகினால் அமைப்பே கெட்டுவிடும்.

பாரம் எங்கே போகிறது

விளக்கத்துக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரும் உதவியாளும் ஏறிய நிலையில், சரக்கின்றி அதன் எடை 1,350 கிலோ. முன்சக்கரங்களின்மேல் 800, பின்சக்கரங்களின்மேல் 550. பதிவுச் சான்றிதழில் கண்ட மொத்த எடை 2,500 கிலோ. முன்னச்சு தாங்கத்தக்கது 1,000, பின்னச்சு 1,650. ஆகவே ஏற்றத்தக்க சரக்கு 1,150 கிலோ. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 240 சென்டிமீட்டர். சரக்கின் நடுப்புள்ளி பின்னச்சுக்கு 24 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகக் கொண்டால், சரக்கில் பத்தில் ஒன்பது பங்கு பின்னச்சில் விழும். ஒரு பங்கு முன்னச்சில்.

1,150 கிலோ ஏற்றினால் பின்னச்சில் 1,585, முன்னச்சில் 915. இரண்டும் வரம்புக்குள் உள்ளன. இப்போது பட்டை கூட்டிய தைரியத்தில் 1,800 கிலோ தர்ப்பூசணி ஏற்றுகிறோம். பின்னச்சில் 2,170, முன்னச்சில் 980. முன்னச்சு இப்போதும் தன் வரம்பைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டுபவர் பிடிக்கும் ஸ்டியரிங்கில் பெரிய மாறுதல் எதுவும் தெரியாது. பாரமெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் பின்னச்சில் குவிந்துவிட்டது. வரம்புக்குமேல் 520 கிலோ.

முன்னர் இதே பாரம் ஏற்றியபோது வண்டி பின்னால் தாழ்ந்து ரப்பர்க் கட்டையில் இடித்தது. எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஓட்டுநரும் நாலு காயை இறக்கச் சொன்னார். பட்டை கூட்டியபின் வண்டி நிமிர்ந்து நின்றது. சங்கத்தார் மகிழ்ந்தார்கள். ஆனால் பட்டைக்குக் கீழேயுள்ள அச்சின் ஹவுசிங், அதன் நுனியிலுள்ள பேரிங், சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், டயர், பட்டைக்கு மேலேயுள்ள சேசிஸ், அதில் அறைந்த பிடிகள் ஆகிய எதுவும் மாறவில்லை. பாரம் இவை அனைத்தின் வழியாகவே தரைக்குப் போக வேண்டும். பட்டை தடித்ததால் அவற்றின் சுமை ஒரு கிலோவும் குறையவில்லை. முன்பு வண்டி தாழ்ந்து தந்துவந்த எச்சரிக்கை மட்டும் நின்றுவிட்டது.

டயரை எடுத்துக்கொள்வோம். டயரின் பக்கச்சுவரில் ஓர் எண் அச்சாகியிருக்கும். 102 என்றிருந்தால் அந்த டயர் 850 கிலோ தாங்கும் என்று பொருள். இரண்டு டயருக்கு 1,700. மேற்கண்ட பாரத்தில் ஒவ்வொரு டயரும் 1,085 கிலோ சுமந்தது. மார்ச் மாத வவுச்சருக்கு இதுவே விளக்கம்.

ஏப்ரல் மாத வவுச்சருக்கு வருவோம். உருளை பேரிங்கின் ஆயுளுக்குப் பொறியாளர்கள் கையாளும் விதி ஒன்று உண்டு. பாரம் கூடினால் ஆயுள் நேர்விகிதத்தில் குறையாது. பாரத்தின் மூன்றேகால் மடிக்குச் சற்று மேற்பட்ட பெருக்கத்தில் குறையும். பின்னச்சின் பாரம் 1,585-லிருந்து 2,170 ஆனது நூற்றுக்கு 37 பங்கு உயர்வு. அதற்குப் பேரிங்கின் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மூன்று ஆண்டு வர வேண்டிய பேரிங் ஓராண்டில் போகும். பழைய பேரிங்காயின் ஒரு பருவத்துக்குக்கூட வராது.

சரக்கின் இடமும் ஒரு பாரமே

வண்டி கட்டிய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை நான் விளக்க வேண்டுவதில்லை. பின்பாரமானால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும், மாடே சொல்லிவிடும். மோட்டாருக்கு அந்த வாய் இல்லை. நமது கடற்கரை மணலில் விளையும் சவுக்குக் கழிகளை ஏற்றுவோர் இதை முக்கியமாக அறிய வேண்டும். கழிகள் வண்டித் தொட்டியைவிட நீளமானவை, பின்னே துருத்திக்கொண்டிருக்கும். 1,000 கிலோ கழியின் நடுப்புள்ளி பின்னச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டது என்று வையுங்கள். பின்னச்சில் கூடுவது 1,000 அன்று, 1,125. முன்னச்சிலிருந்து 125 கிலோ தூக்கப்படுகிறது. மொத்த எடை 2,350. சட்ட வரம்புக்கு 150 கிலோ குறைவு. ஆயினும் பின்னச்சு 1,675 சுமந்து தன் வரம்பை மீறிவிட்டது. முன்சக்கரமோ 675 கிலோவுடன் இலகுவாகிவிட்டது. திருக்கழுக்குன்றம் சாலையின் வளைவில் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி திரும்பத் தாமதிப்பது இதனால்தான். எடைச்சீட்டு சரியாக இருக்க, வண்டி தவறாக இருக்கும் நிலை இது.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்குக் கல் ஏற்றுபவர்களுக்கு வேறொரு மயக்கம். ஒரு மீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரமுள்ள கருங்கல் தொட்டியில் ஒரு மூலையில் அடங்கிவிடும். அதன் எடை ஏறத்தாழ 1,130 கிலோ. தொட்டியில் இடம் நிறைய இருக்கிறதே என்று இன்னொரு சிறு கல்லை ஏற்றுவது சகஜம்.

நெசவாளர் சங்கத்தாருக்கு அவ்வளவு ஆபத்தில்லை. 400 பவுண்டு நூல் பேல் ஒன்று 181.4 கிலோ. ஆறு பேல் 1,089 கிலோ; வண்டி தாங்கும். ஏழாவது பேல் ஏறினால் 1,270 ஆகி வரம்பு கடந்துவிடும். அவர்களுடைய குறை வேறு. பட்டை விறைத்தபின், சேலைகளும் லுங்கிகளும் மட்டும் ஏற்றிப் பாரமின்றிச் செல்லும் நாட்களில் வண்டி கல்லில் உருளும் கட்டை வண்டிபோல் குதித்தது என்றும், வாடகை வேறு வண்டிக்குக் கொடுப்பதே மேல் என்றும் அவர்கள் செயலாளர் எழுதிய கடிதமே கோப்பில் இருந்தது.

பிரேக் பற்றிய கேள்வி

தலைவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறுகிறேன். பாரமில்லாத வண்டியில் பின்சக்கரத்தைப் பலமாகப் பிடித்தால் அது உருளாமல் வழுக்கும், வண்டி சுழன்றுவிடும். பாரம் உள்ளபோது பின்சக்கரத்தையும் நன்றாகப் பிடித்தாக வேண்டும். இவ்விரண்டையும் சமாளிக்கச் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் சேசிஸுக்கும் பின்னச்சுக்கும் இடையே ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். பாரம் ஏறி வண்டி தாழும்போது, ஒரு நெம்புகோல் அந்தத் தாழ்வை அளந்து வால்வைத் திறக்கிறது. பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகிறது. வண்டி தாழாவிட்டால் பாரமில்லை என்று வால்வு முடிவுசெய்து பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது.

இனி நீங்களே ஊகிக்கலாம். பட்டை கூட்டினோம், 1,800 கிலோ ஏற்றியும் வண்டி தாழவில்லை. வால்வின் கணக்கில் வண்டி காலியாகவே இருக்கிறது. பின்பிரேக் பாதிப் பலத்தில். முழு வண்டியையும் நிறுத்தும் வேலை முன்பிரேக்கின் தலையில். ஒரு மாதத்தில் இரண்டு முறை பேடு தேய்ந்ததற்குக் காரணம் அதுவே. ஓட்டுநர் பலமுறை "பிரேக் முன்னால்தான் பிடிக்கிறது, வண்டி நிற்க நேரமாகிறது" என்று சொல்லியிருக்கிறார். பேடு தரம் குறைவு என்று கடையை மாற்றினார்களேயொழிய வால்வைப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நேரானது, வேகத்துக்கு இடங்கொடுப்பது. நிறுத்த வேண்டிய சக்தி எடைக்கு நேராகவும் வேகத்தின் இருமடிக்கும் உயர்கிறது. 2,500-க்குப் பதில் 3,150 கிலோ என்றால் பிரேக்கில் எழும் வெப்பம் நூற்றுக்கு 26 அதிகம். 60 கிலோமீட்டர் வேகம் 80 ஆனால் நூற்றுக்கு 78 அதிகம். இரண்டும் சேர்ந்தால் 2¼ மடங்கு. அந்த ஓட்டுநர் இதுவரை ஒருவரையும் மோதாதது அவருடைய நிதானத்தின் பயன் என்றே கருதுகிறேன். அந்த எண்ணம் எனக்கு அன்றிரவு உறக்கத்தைக் கெடுத்தது.

பெரிய அச்சு போட்டால் என்ன

"அப்படியானால் அச்சையும் பெரிதாக்கிவிடுவோம்" என்பது அடுத்த யோசனை. பட்டையை மட்டும் மாற்றுவதைவிட இது சற்று விஷயமறிந்த யோசனைதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சுகளில் இரு வகை உண்டு. ஒரு வகையில் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டே வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரமே கழன்று போகக்கூடும். மற்ற வகையில் ஹவுசிங்கின்மேல் அமர்ந்த இரு பேரிங்குகள் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை மட்டும் வெளியே உருவ முடிந்தால் அது இரண்டாம் வகை. பெரிய லாரிகளில் நாம் காண்பது அதுவே. பாரத்துக்கு அது உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பெரிய அச்சை நமது வண்டியில் வைக்கப் புகுந்தால் என்னென்ன பொருந்த வேண்டும்? பட்டை உட்காரும் மேடைகளின் இடைவெளி பொருந்த வேண்டும். இல்லையேல் வெட்டிப் பற்றவைப்பார்கள், அந்தப் பற்றவைப்பின் அருகில்தான் ஹவுசிங் முதலில் விரியும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் சாய்வும் பொருந்த வேண்டும். பற்சக்கர விகிதம் மாறினால் இஞ்சின் ஓடும் வேகமும் டீசல் செலவும் மாறும். பெரிய டிரம்முக்கு எண்ணெய் தள்ள நமது சிறிய மாஸ்டர் சிலிண்டர் போதுமா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் பொருந்திவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், புதிய அச்சு பழையதைவிட 60 கிலோ கனமாயிருந்தால் அந்த 60 கிலோ சரக்கிலிருந்து கழியும். ஏனெனில் பதிவுச் சான்றிதழிலுள்ள 2,500 என்ற எண் பட்டறையில் மாறுவதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரள உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிக பாரத்துக்கு 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய். அதன்மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகச் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. இறக்கி முடியும்வரை வண்டி நகரக் கூடாது. சித்திரை வெயிலில் சாலையோரம் இறக்கிய தர்ப்பூசணி என்னவாகும் என்று அங்கத்தினர்களுக்குத் தெரியும். ஓட்டியவர் மட்டுமன்றி, ஓட்ட அனுமதித்தவரும் இப்பிரிவில் பொறுப்பாளி. சங்கத்தின் தீர்மானப் புத்தகமே அதற்குச் சாட்சியாகிவிடும். விபத்து நேர்ந்தால், மாற்றிய வண்டி என்ற காரணத்தால் இன்ஷூரன்ஸ் கோரிக்கையும் தகராறுக்கு உள்ளாகலாம்.

மிச்சம் என்று எண்ணியது எவ்வளவு? மாமல்லபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இரண்டாவது நடை போய்வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 5 லிட்டர் டீசல். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 500 ரூபாய். ஓட்டுநரின் படி தனி. ஒருமுறை பிடிபட்டுக் கட்டும் 20,000 ரூபாயில் நாற்பது நடைக்கு டீசல் போடலாம். பட்டை, டயர், பேரிங், பேடு, ஷாஃப்ட் ஆகியவற்றின் செலவை இக்கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

பட்டை உண்மையிலேயே கெட்டிருந்தால்

பட்டையில் கைவைக்கவே கூடாது என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். வரம்புக்குட்பட்ட பாரத்திலேயே வண்டி தாழ்ந்தால் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றுவது அவசியம். நமது கடற்கரையில் இது சற்று விரைவாகவே நேரும். உப்புக் காற்றின் ஈரம் பட்டைகளுக்கிடையே தங்கிவிடுகிறது. துருப்பிடித்த பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும்போது நுண்ணிய குழிகள் விழுகின்றன; அக்குழிகளிலிருந்தே வெடிப்புத் தொடங்குகிறது. இது நமக்கு மட்டும் உரிய துன்பமன்று. அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் 2005 முதல் 2011 வரையிலான டக்கோமா பிக்கப் வண்டிகளில் ஏறத்தாழ 6,90,000 வண்டிகளை 2014-இல் திரும்ப அழைத்தது. உளைச்சலாலும் துருவாலும் பின்பட்டை முறிந்து, முறிந்த துண்டு எரிபொருள் தொட்டியைத் துளைக்கக்கூடும் என்பதே காரணம். அவ்வளவு பெரிய தொழிற்சாலையின் பட்டைக்கே அந்தக் கதி என்றால், கேஸ் நெருப்பில் காய்ச்சிச் சம்மட்டியால் வளைவு போட்ட பட்டையை நம்பலாமா? பட்டை எஃகின் பலம் அதைக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சுடவைத்த பக்குவத்தில் இருக்கிறது. பட்டறை நெருப்புப் பட்ட இடத்தில் அப்பக்குவம் போய்விடும். பற்றவைப்பும் அப்படியே, பட்டையில் எவ்விடத்திலும் பற்றவைக்கலாகாது.

ஆகவே தயாரிப்பாளர் குறித்த அதே எண்ணுள்ள முழுக்கட்டை, இருபக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி சாயும். யூ போல்ட்டுகளையும் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை இழுபட்ட மரை மறுபடி அதே பிடிப்பைத் தாராது. சென்டர் போல்ட் பட்டையை இடத்தில் நிறுத்துவதற்கு மட்டுமே. பிடித்து வைப்பது யூ போல்ட். அது தளர்ந்தால் பட்டை சென்டர் போல்ட் துளையில் வளைந்து அங்கேயே முறியும். எனவே சில நாள் ஓடியபின் மறுபடி முடுக்கிய தேதியை வண்டிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கடலோரம் ஓடும் வண்டியின் பட்டைகளை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுவது செலவில்லாத வைத்தியம். கிணறு உப்பாயிருந்தால் அந்தத் தண்ணீர் உதவாது. கண்ணிலுள்ள புஷ் ரப்பராயின் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சங்கத்தின் சரக்கே பெருகிவிட்டதென்றால், அடுத்த வண்டி வாங்கும்போது பெரிய வகையை வாங்குவது பற்றித் தீர்மானிக்கலாம். ஒரே முகத்தோற்றமுள்ள பொலீரோ பிக்கப் வண்டியே 1.3 டன், 1.7 டன் எனப் பல வகைகளில் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு வகையும் அந்தந்தப் பாரத்துக்கென்றே தொழிற்சாலையில் முழுவண்டியாகச் சோதித்து, அந்த எடையுடனேயே பதிவாகிறது. அதுவரை பருவ காலத்தில் மட்டும் ஒரு வாடகை வண்டி அமர்த்துவது எதிலும் மலிவு.

எடைமேடைக்குப் போகும்போது மொத்த எடையை மட்டும் வாங்கி வராதீர்கள். முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு. பிறகு வண்டி முழுவதையும் ஏற்றி ஒரு சீட்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பின்னச்சின் பாரம் கிடைக்கும். ஒவ்வொரு சரக்குக்கும் ஒருமுறை இப்படி எடுத்து, எத்தனை காய், எத்தனை பேல், எத்தனை கழி என்று எழுதித் தொட்டியின் உட்பலகையில் பெயின்டால் குறித்துவிட்டால் ஏற்றுபவர்களுக்கு அதுவே போதும். 5 கிலோக் காயானால் நமது உதாரண வண்டிக்கு 230 காய்.

மேற்சொன்ன சங்கத்தில் நிர்வாகக் குழு கூடிப் பெரிய அச்சு வாங்கும் யோசனையைக் கைவிட்டது. முதியவர் ஒருவர் மட்டும், "பக்கத்து ஊரில் எல்லாரும் ஏற்றுகிறார்களே, ஐயா" என்று கடைசிவரை சமாதானம் அடையவில்லை. அவர் சொல்வதும் பொய்யன்று. கூட்டிய நான்கு பட்டைகளையும் கழற்றி, பழைய அளவுக்கே புதிய கட்டு போட்டு, வால்வின் நெம்புகோலையும் தயாரிப்பாளரின் பணிமனையில் அளவு பார்த்துச் சரிசெய்தார்கள். கழற்றிய பட்டைகள் சங்கக் கிடங்கின் வாசலில் கிடந்தன. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு இணையில்லை என்று ஊர்க் கொல்லர் அவற்றைக் கேட்டு வந்தார். பழைய இரும்பு விற்பனைக் கணக்கில் வரவு வைத்து ரசீது கொடுத்தபின் கொடுக்கலாம் என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டு வந்தேன்.